சத்துணவுத் தட்டும் வாஷிங்டன் விண்ணப்பமும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

அன்புள்ள அம்மா, எனக்கு வயது 16. சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள். சொந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 'யெஸ்' மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி, ஆகஸ்ட் முதல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் ஹோஸ்ட் குடும்பத்துடன் தங்கி உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறேன். வாஷிங்டனில் ஒரு வாரம் நடக்கும் குடிமைக் கல்விப் பயிலரங்குக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. செலவைத் திட்டமே ஏற்கும். ஏன் கலந்துகொள்ள விரும்புகிறாய், இங்கே குடிமை வாழ்வில் எதைக் கவனித்தாய், ஊர் திரும்பி என்ன செய்வாய் என்று கட்டுரை கேட்கிறார்கள். என் ஆங்கிலம் சுமார்தான். என்னைவிட நன்றாக எழுதும் மாணவர்கள் பல நாடுகளிலிருந்து வந்திருக்கிறார்கள். எழுதிப் பார்த்த வரைவை இணைத்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அழகாக்கித் தரும் என்கிறாள் தோழி. இங்கே பார்த்த குறைகளை எழுதலாமா என்பதும் தெரியவில்லை. விருந்தாளியாக வந்த இடம் அல்லவா? நான்கு மாதமே பழகிய ஆசிரியையிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வகுப்புகளும் ஒரு வாரம் போய்விடும். அம்மாவோ, "தனியாக அவ்வளவு தூரம் ஏன்?" என்கிறார். நான் விண்ணப்பிக்கலாமா?

ஒரு மாணவி, அயோவா.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

விண்ணப்பி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. ஆனால் நீ இணைத்திருக்கும் வரைவை அனுப்பாதே. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, எனக்கு எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் படி. நீ எழுத வேண்டிய கட்டுரை அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

பள்ளியில் குடிமையியல் நடத்திக்கொண்டிருந்த காலத்திலிருந்தே உதவித்தொகைத் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்து வருகிறேன். ஒரே நாளில் அறுபது, எழுபது கட்டுரைகள் மேசைக்கு வரும். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித் தொடங்கும். 'உலகின் மிகப் பெரிய ஜனநாயக நாடான இந்தியாவிலிருந்து வந்திருக்கும் நான்' என்று உன் வரைவும் அப்படித்தான் தொடங்குகிறது. இரண்டாம் பத்தியில் லிங்கன் வந்து 'மக்களால், மக்களுக்காக' என்கிறார். மூன்றாம் பத்தியில் உத்திரமேரூர்க் குடவோலை. கடைசியில், இளைஞர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துவேன் என்ற உறுதி. ஒரு வரியிலும் தவறு இல்லை. ஆனால் எந்த வரியிலும் நீ இல்லை. உன் பெயரை எடுத்துவிட்டு எந்த மாணவியின் பெயரை வைத்தாலும் அந்தக் கட்டுரை பொருந்திவிடும்.

உத்திரமேரூரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கல்வெட்டுகள் எனக்கும் மிகவும் பிடித்தவை. முதலாம் பராந்தகன் காலத்தில், பொதுக்கணக்கில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. பொறுப்பில் இருந்தபோது கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது என்று அன்றைக்கே எழுதிவைத்தார்கள். வகுப்பில் அதைப் படித்துக் காட்டும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை. நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தச் சபையில் உனக்கோ உன் அப்பத்தாவுக்கோ ஓலை இருந்திருக்காது. பெருமைக்காக மட்டும் அதை எடுத்து வைத்தால், விவரம் தெரிந்தவர் யாராவது கேட்கும் முதல் கேள்வியிலேயே நீ தடுமாறுவாய். அதை விடு. அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு நீ போன கிராம சபை இருக்கிறதே, அதை எழுது.

உன் கடிதத்தின் பின்பகுதியில், போகிற போக்கில் மூன்று செய்திகளைச் சொல்லியிருக்கிறாய். ஒன்று: பத்து வயதில் அப்பத்தாவுடன் கிராம சபைக்குப் போனது. தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்க அவர் எழுந்தபோது, "உட்காருங்க ஆயா, எல்லாம் எழுதியாச்சு" என்று தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு: உன் அயோவா ஊரில் பள்ளி வாரியக் கூட்டத்துக்கு ஹோஸ்ட் அம்மாவுடன் போனது. மதிய உணவுக் கணக்கில் பணம் தீர்ந்துபோன பிள்ளைகளின் பாக்கியை என்ன செய்வது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வாசலில் தாளில் பெயர் எழுதிவிட்டு உன் ஹோஸ்ட் அம்மாவும் மூன்று நிமிடம் பேசினார். மூன்று: காலையில் கொடி உறுதிமொழி சொல்லும்போது நீ எழுந்து நின்றாய், சொல்லவில்லை. ஆசிரியை எதுவும் கேட்கவில்லை.

இந்த மூன்றையும் கடிதத்தில் எழுதிய பெண், கட்டுரையில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் லிங்கனிடம் ஏன் போனாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நம் பள்ளிகள் பழக்கியது அப்படி. கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவே இரண்டு மேற்கோள். நான் பார்த்தேன், எனக்கு வலித்தது, எனக்குப் புரியவில்லை என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. நானே அப்படித் திருத்தியவள்தான். அந்தப் பழக்கத்தை நீ இப்போது கழற்றி வைக்க வேண்டும். 'நான்' என்று எழுத உனக்குக் கூசும். தன்னைத் தானே சொல்லிக்கொள்வது அழகில்லை என்று வளர்த்திருப்பார்கள். ஆனால் நான் கேட்பது தற்புகழ்ச்சி இல்லை. சாட்சி சொல்வது. நீ எங்கே நின்றாய், என்ன பார்த்தாய், அப்போது உனக்கு என்ன தோன்றியது என்பதை மட்டும் சொல்.

சாப்பாட்டுக் கணக்கைப் பற்றி விரிவாகப் பேசுவோம். உன் விண்ணப்பத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நீ ஒன்றாம் வகுப்பிலிருந்து சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். யாரும் உன்னிடம் கணக்குக் கேட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாய், சோறும் முட்டையும் வந்தன. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தது, 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது எல்லாம் உனக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் பசித்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சோறு உண்டு என்பது உனக்கு மழை, வெயில் போல இயல்பான ஒன்று. அப்படிப்பட்ட நீ, உலகத்திலேயே பணக்கார நாடு என்று கேள்விப்பட்ட இடத்தில், பாக்கி வைத்திருக்கும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசுவதைப் பார்த்துத் திகைத்துப் போனாய். அந்தத் திகைப்பை அப்படியே எழுது. அதை அந்த அறையில் அன்று உணர்ந்திருக்கக்கூடியவள் நீ ஒருத்திதான்.

எழுதுவதற்கு முன் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள். அமெரிக்காவில் பள்ளி மதிய உணவுக்கு 1946ஆம் ஆண்டிலிருந்து தேசியச் சட்டம் இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துச் சில பிள்ளைகளுக்கு இலவசம், சிலருக்குக் குறைந்த விலை, மற்றவர்களுக்கு முழு விலை. ஒவ்வொரு உணவுக்கும் மத்திய அரசு பள்ளிக்கு ஒரு தொகையைத் திருப்பித் தருகிறது. கொரோனா காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்க அனுமதித்தார்கள். 2022 கோடையோடு அது முடிந்தது. வருமான வரம்புக்குச் சற்று மேலே இருக்கும் குடும்பங்களுக்கும், விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமல் விட்ட குடும்பங்களுக்கும் பாக்கி ஏறுகிறது. அயோவாவுக்கு வடக்கே எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மினசோட்டா, 2023இல் மாநிலச் சட்டம் இயற்றிப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை உணவையும் மதிய உணவையும் இலவசமாக்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி.

ஆக, நீ பார்த்த ஒரு தட்டுச் சாப்பாட்டின் பின்னால் மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. பாக்கியை என்ன செய்வது என்பது உங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்தின் முடிவு. எல்லாருக்கும் இலவசமாக்க வேண்டுமானால் தலைநகர் டெ மொயினில் இருக்கும் மாநிலச் சட்டமன்றம் நினைக்க வேண்டும். மத்திய அரசு தரும் தொகையும் வருமான வரம்பும் வாஷிங்டனில் முடிவாகின்றன. 'ஏன் இந்தப் பயிலரங்கில் கலந்துகொள்ள விரும்புகிறாய்?' என்ற முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை. கூட்டாட்சி பற்றிப் படித்திருக்கிறேன், ஆனால் அதை ஒரு சாப்பாட்டுத் தட்டில் பார்த்தது இங்கேதான், கீழ்ப்படியைப் பார்த்துவிட்டேன், மேல்படியில் இருப்பவர்களிடம் கேட்க எனக்குக் கேள்வி இருக்கிறது என்று எழுது. ஆர்வமாக இருக்கிறேன் என்று எல்லாரும் எழுதுவார்கள். கையில் கேள்வியோடு வருகிறவர்கள் சிலர்தான்.

அந்தப் பயிலரங்கில் மாணவர்கள் தாங்கள் தங்கியிருக்கும் பகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களையோ அவர்களுடைய அலுவலர்களையோ சந்திப்பதுண்டு. அதனால் இப்போதே ஒன்றைச் செய். பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். அதில் அயோவாவுக்கு 4. உன் ஊர் எந்தத் தொகுதியில் வருகிறது, அதன் உறுப்பினர் யார், எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள். மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள். அவர்களையும் தெரிந்துகொள். கட்டுரையில் இந்தப் பெயர்களைப் பட்டியல் போட வேண்டாம். ஆனால் இது உனக்குத் தெரிந்திருந்தால் உன் வாக்கியங்களில் தானாகவே ஒரு திடம் வரும்.

இனி, குறை சொல்லலாமா என்ற உன் தயக்கம். உண்ட வீட்டுக்கு ஊறு நினைக்கக் கூடாது என்பது நல்ல வளர்ப்பு. அதை மதிக்கிறேன். ஆனால் நீ எழுதப்போவது குறை இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடாத நாடு என்று எழுதினால் அது குறை, அதிலும் பாதி உண்மைதான். ஓர் ஊரின் பெரியவர்கள், சம்பளமில்லாத வாரிய உறுப்பினர்கள், வேலை முடித்து வந்து இரவு வரை உட்கார்ந்து இதைப் பேசினார்கள் என்று எழுதினால் அதுதான் நீ பார்த்த முழுக் காட்சி. அங்கே ஒருவர் எதிர்த்தும் பேசியிருப்பார். கட்ட வேண்டியவர்கள் கட்டட்டும் என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னதையும் நேர்மையாக, கேலி இல்லாமல் எழுது. கட்சிப் பெயர்களுக்குள் போகாதே. பரிமாற்ற மாணவி பார்க்கலாம், கேட்கலாம், தனக்குத் தோன்றியதைச் சொல்லலாம். தேர்தல் பிரசாரத்தில் இறங்குவது அவள் வேலை இல்லை. உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு இன்னொரு முறையும் போய் வா. அயோவாவின் திறந்த கூட்டச் சட்டப்படி 24 மணி நேரம் முன்னதாகவே நிகழ்ச்சி நிரலை அறிவிக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, பாக்கி விஷயம் என்ன ஆனது என்று பார்த்து வா. உன் கட்டுரைக்கு முடிவு அங்கிருந்து கிடைக்கலாம்.

கிராம சபையைப் பற்றியும் இதே நேர்மை வேண்டும். இங்கே எல்லாம் சரி, எங்கள் ஊரில் எல்லாம் மோசம் என்று எழுதும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். படிக்கும்போதே மனம் வலிக்கும். வந்த இடத்தைக் குளிர்விக்கப் பிறந்த இடத்தைத் தாழ்த்தத் தேவையில்லை. நம் கிராம சபைக்குச் சட்டத்தில் இருக்கும் வலு சாதாரணமானது இல்லை. 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, கிராமத்தின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர் என்றானது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது. உன் அப்பத்தா அன்று எழுந்தது கெஞ்சுவதற்காக இல்லை. உறுப்பினராக எழுந்தார். அவரை உட்காரச் சொன்னது அந்த ஊரின் பழக்கம், சட்டம் இல்லை. இந்த வேறுபாட்டை நீ புரிந்துகொண்டு எழுதினால், மூன்றாவது கேள்விக்கு உன் பதில் கிட்டத்தட்டத் தயார்.

ஊர் திரும்பி என்ன செய்வாய் என்ற கேள்வியை லேசாக நினைக்காதே. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பிள்ளைகளும் அமெரிக்கக் குடும்பங்களும் ஒருவரையொருவர் நேரில் அறியட்டும் என்றுதான் 2002இல் அந்த நாட்டுக் காங்கிரஸ் 'யெஸ்' திட்டத்தை உருவாக்கியது. எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் என்ற இரண்டு செனட்டர்களின் பெயரைத் தாங்கியது. எந்த மதத்துப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். கற்றதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவதே அதன் நோக்கம். பயிலரங்கில் உன்னோடு உட்காரப்போகும், 'ஃப்ளெக்ஸ்' என்ற இன்னொரு பரிமாற்றத் திட்டத்தின் மாணவர்கள் பெரும்பாலும் பழைய சோவியத் நாடுகளிலிருந்து வருகிறவர்கள். தேர்தல் என்பதையே வேறு விதமாகப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். அவர்களோடு ஒரு மேசையில் சாப்பிட்டுக்கொண்டு பேசுவது, என்னைக் கேட்டால், நினைவுச் சின்னங்களைப் பார்ப்பதைவிடப் பெரிய பாடம்.

அதனால் 'விழிப்புணர்வு' என்ற சொல்லை விட்டுவிட்டு, ஒரு சின்ன வேலையைச் சொல். உதாரணமாக, அப்பத்தா ஊர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைவது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நீ அயோவாவில் பார்த்த வாரியத்துக்கு நம் ஊரில் இருக்கும் உறவுக்காரர் என்றே சொல்லலாம். மே அல்லது ஜூனில் திரும்பியதும் அந்தக் குழுவில் இருக்கும் நான்கு தாய்மார்களோடு உட்கார்ந்து, அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதி வைக்க உதவுவேன் என்று சொல். அல்லது அடுத்த ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அப்பத்தாவோடு போய், அவர் பேசும்போது பக்கத்தில் நிற்பேன், தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வைக்கச் சொல்வேன் என்று எழுது. சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும். சின்னதாக இருப்பதால்தான் படிப்பவர் நம்புவார். நாள் தெரியும், இடம் தெரியும், ஆள் தெரியும்.

கொடி உறுதிமொழியை நான் மறக்கவில்லை. இரண்டாவது கேள்விக்கு அதையும் வைத்துக்கொள்ளலாம், அல்லது சாப்பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இடம் பார்த்து முடிவு செய். நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உன் ஆசிரியை ஏன் கேட்கவில்லை என்றால், எந்த மாணவரையும் அந்த உறுதிமொழி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943இலேயே சொல்லிவிட்டது. மேற்கு வர்ஜினியா மாநிலத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகளின் வழக்கு. நாடு உலகப்போரில் இருந்த நேரத்தில் வந்த தீர்ப்பு. அதோடு நிற்கவில்லை. 1985இல் கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். 1986இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு, 1943ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசுகிறது. எழுந்து நின்றாய், சொல்லவில்லை என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு அந்த மூன்று பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். உன் வகுப்பறைக்கும் கேரளத்துப் பள்ளிக்கும் நடுவில் இப்படி ஒரு பாலம் இருக்கிறது.

ஆங்கிலம் பற்றிய கவலைக்கு வருகிறேன். உன் ஆங்கிலம் போதும். நீ வேற்று மொழிக்காரி என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியும். விண்ணப்பிக்கிற எல்லாருமே அப்படித்தான். முதலில் தமிழில் எழுது. வேகமாக, திருத்தாமல், அப்பத்தாவுக்குச் சொல்வதுபோல எழுது. ஒரு நாள் கழித்து, அதைப் பார்க்காமல், அதே செய்தியை உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல். சத்துணவு, அப்பத்தா, கிராம சபை ஆகிய சொற்களை அப்படியே வைத்து, ஒரே ஒரு வரியில் என்னவென்று சொல்லிவிடு. பிறகு ஹோஸ்ட் அம்மாவிடம் கொடுத்து, எங்கே புரியவில்லை என்று மட்டும் கேள். எழுத்துப் பிழையை அவர் காட்டலாம். வாக்கியத்தை மாற்றித் தர அனுமதிக்காதே.

தோழி சொன்ன வழி வேண்டாம். கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. உன் பெயரில் உன் அனுபவம் என்று போகும் தாளில் இன்னொன்றின் குரல் இருப்பது பொய். குடிமைக் கல்விக்குப் போகும் விண்ணப்பத்தை அதில் தொடங்க வேண்டாம் என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். அது மெருகேற்றித் தரும்போது முதலில் காணாமல் போவது அப்பத்தாவின் கைநாட்டுத்தான். அதுவும் எனக்குத் தெரியும். சொல் வரம்பு, கடைசித் தேதி, படிவத்தில் கேட்டிருக்கும் கையெழுத்துகள் எல்லாவற்றுக்கும் உனக்கு வந்த அறிவிப்பை மட்டும் நம்பு. போன ஆண்டு போனவர்கள் சொன்னதை நம்பிக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

பரிந்துரைக் கடிதம் கேட்பது அங்கே உதவி கேட்பதுபோல இல்லை. அது ஆசிரியரின் அன்றாட வேலைகளில் ஒன்று. நான்கு மாதம் குறைவும் இல்லை. உன்னை உறுதிமொழி விஷயத்தில் நிம்மதியாக நிற்கவிட்ட அந்த ஆசிரியையிடமே கேள். கடைசித் தேதிக்கு இரண்டு வாரமாவது இருக்கும்போது, வகுப்பு முடிந்து அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் போ. என்னைப் பற்றி எழுத உங்களால் முடியுமா என்று கேள். முடியாது என்று சொல்லவும் அவருக்கு இடம் கொடு. சரி என்றால், நீ எதற்கு விண்ணப்பிக்கிறாய், அவர் வகுப்பில் நீ செய்தது என்ன, சனிக்கிழமைகளில் உணவு வங்கியில் நீ வேலை செய்வது, வாரியக் கூட்டத்துக்குப் போனது ஆகியவற்றை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடு. அவருக்கு உன் சனிக்கிழமைகள் தெரியாது. நீ சொன்னால்தான் தெரியும்.

ஒரு வார வகுப்பு பெரிய சிக்கல் இல்லை. தேர்வானால் அன்றே ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய்த் தேதியைச் சொல்லி, விட்டுப்போகும் பாடத்தையும் தேர்வையும் எப்போது முடிப்பது என்று கேட்டுக் குறித்துக்கொள். ஒரு மாணவி முன்கூட்டியே வந்து கேட்டால் அந்த ஊர் ஆசிரியர்கள் மனதார உதவுவார்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. மகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, இப்போது அங்கிருந்தும் இன்னொரு ஊருக்கு என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். அவரிடம் வாதாடாதே. விவரங்களைக் கையில் கொடு. இது நீயே டிக்கெட் எடுத்துக்கொண்டு போகும் சுற்றுலா இல்லை. பரிமாற்ற மாணவர்கள் வெளியூர் போவதற்கு உன்னை அங்கே தங்கவைத்திருக்கும் அமைப்பின் அனுமதி வேண்டும், பயணம் அவர்களுக்குத் தெரிந்தபடியே நடக்கும். மாதம் ஒரு முறையாவது உன்னோடு பேசும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறாரே, அவரையும் ஹோஸ்ட் அம்மாவையும் வைத்துக்கொண்டு, நம் ஊர் நேரத்துக்கு ஞாயிறு மாலையாகப் பார்த்து அம்மாவோடு வீடியோவில் பேசு. நீ மொழிபெயர்த்துச் சொல். யார் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், இறங்கும் இடத்தில் யார் நிற்பார்கள், இரவு எங்கே தங்குவீர்கள், உடன் இருக்கும் பெரியவர்கள் யார் என்று அவர் கேட்கட்டும். பதில் தெரியாததை ஒருங்கிணைப்பாளர் விசாரித்துச் சொல்லட்டும். அப்பா ஓட்டுநர் என்று எழுதியிருக்கிறாய். பயண விவரத்தில் அவருக்கு அனுபவம் அதிகம். அவரையும் அந்த அழைப்பில் உட்காரவை.

தேர்வாகாமலும் போகலாம். பல நாட்டுப் பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள், இடங்கள் கொஞ்சம். அப்போதும் உன் கேள்வி உன்னிடமே இருக்கும். மாநிலச் சட்டமன்றம் ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை கூடுகிறது. தங்கக் குவிமாடம் வைத்த அந்தக் கட்டடத்தின் பார்வையாளர் மாடத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதி, பள்ளி மதிய உணவைப் பற்றிப் பத்து நிமிடம் பேச நேரம் கேள். ஹோஸ்ட் அம்மா காரில் அழைத்துப் போவார் என்றே நினைக்கிறேன். மூன்று நிமிடம் பேசுவதற்காகத் தாளில் பெயர் எழுதியவர் அல்லவா அவர்.

புது வரைவை எனக்கு அனுப்ப விரும்பினால் தமிழ்ப் பிரதியை அனுப்பு. அதற்கு முன் அப்பத்தாவுக்குப் போன் செய்து, அன்றைக்குக் கிராம சபையில் அவர் சொல்ல வந்தது முழுவதும் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்.